பாலத்தில் நின்ற ஒற்றைக்கண்ணன்: ஒரு பிறேம் படத்தின் கதை

எங்கள் குடும்பக் கடையின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கந்தோர் அறை உண்டு. கணக்குக் கொப்பிகள், ஓர் இரும்புப் பெட்டி, ஒரு சாய்மனைக் கதிரை. கதிரைக்கு நேர்மேலே, கறுப்புப் பூச்சடித்த தேக்குப் பிறேமுக்குள் ஒரு போர்ப்படம் தொங்கியது. கறுப்பு வெள்ளைப் படம். ஒடுங்கிய மரப்பாலம் ஒன்றின் முனையில் கேடயம் ஏந்திய ஒருவன் நிற்கிறான். அவனுக்கு முன்னால் ஈட்டிகளும் குதிரைகளுமாக ஒரு படையே திரண்டிருக்கிறது. அவனுக்குப் பின்னால் சிலர் கோடரி கொண்டு அதே பாலத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழே ஆறு ஓடுகிறது. மூத்த வாப்பா பதுளைப் பக்கம் துணி யாவாரம் செய்த காலத்தில், ஊருக்குத் திரும்பிப் போன தோட்டத்துரை ஒருவரின் பங்களாச் சாமான்கள் ஏலத்தில் விடப்பட்டனவாம். இரண்டு கதிரைகளோடு சேர்த்து இந்தப் படத்தையும் அவர் எடுத்து வந்தார்.

"இது யர்மூக் சண்டை" என்றுதான் அவர் சொல்லுவார். ஏலம் கூறியவன் ரோமர்களின் போர் என்று சொல்லியிருக்க வேண்டும். ரோமர் என்றதும் இவருக்கு ரூமிகள் ஞாபகம் வந்திருக்கும். ரூமிகளோடு நடந்த பெருஞ்சண்டை என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது யர்மூக்தான். வாப்பும்மா இதை ஏற்கவில்லை. யர்மூக் எண்டா ஸஹாபாக்களின் உருவமல்லவா, அதை யார் வரைவது, வரைந்ததை யார் சுவரில் தொங்கப்போடுவது எண்டு அவ கேட்டா. கேட்டதில் பிழை இல்லை. மூத்த வாப்பா அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: "படத்துக்குள்ள நிக்கிறதெல்லாம் ரூமிப் படை. நம்மட ஆக்கள் பிறேமுக்கு வெளியில நிக்கிறாங்க." வாப்பும்மா சமாதானமாகவில்லை. படம் வீட்டு வாசலைத் தாண்டாமல் கந்தோரிலேயே தங்கிவிட்டது.

நான் வரலாறு படிப்பித்தவன். வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடங்களாக யர்மூக் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் எங்கள் கடைப் படத்தைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். ஒருநாள் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சேர், யர்மூக்கில யாரும் பாலத்த வெட்டினதா நீங்க எங்கயும் வாசிச்சீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. படத்தின் கீழ் ஓரத்தைக் காட்டினார். பிறேமுக்குள் அடங்குவதற்காக யாரோ தாளின் அடிப்பகுதியைக் கத்தரித்திருந்தார்கள். வெட்டுக்குத் தப்பிய எழுத்துகளின் மேற்பாதி மட்டும் மிச்சம். சேர்த்து வாசித்தால் 'கோக்ளெஸ்' என்று வந்தது.

கோக்ளெஸ் என்பது லத்தீனில் ஒற்றைக்கண்ணனைக் குறிக்கும் சொல். பாலத்தில் நின்றவன் ஹொரேஷியஸ் கோக்ளெஸ், ரோமர்களின் பழங்கதை வீரன். கதைப்படி அவன் நின்ற ஆண்டு கி.மு. 508. யர்மூக் நடந்தது கி.பி. 636இல். இடையில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல். அல்குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் பேசுகின்ற ரூம், கொன்ஸ்தாந்திநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசு. எங்கள் படத்திலிருக்கும் ரோமோ, இத்தாலியில் தைபர் ஆற்றங்கரையில், அரசனை அப்போதுதான் துரத்திவிட்டு, பக்கத்து ஊர்களுக்குப் பயந்துகொண்டிருந்த ஒரு சிறு நகரம். பெயர் ஒன்று என்பதால் மூத்த வாப்பா இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். நான் அதைப் பாடமாக்கிவிட்டேன்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது எழுதவேண்டி வந்ததற்குக் காரணம் வேறு. கடையை இப்போது நடத்துகிற என் மருமகனிடம் பழம்பொருள் யாவாரி ஒருவர் வந்தார். படம் ஒல்லாந்தர் காலத்துச் செப்புத் தகட்டு அச்சு, முந்நூறு வருடம் பழையது, நல்ல விலை தருகிறேன், ஆனால் குடும்பத்தில் படித்த ஒருவர் அதை உறுதிப்படுத்திக் கடிதம் தரவேண்டும் என்றாராம். "மாமா, நீங்க ரெண்டு வரி எழுதித் தந்தாப் போதும்" என்று மருமகன் வந்து நின்றான். வீடு கட்டி அரைகுறையில் நிற்கிறது அவனுக்கு. மறுக்கவும் மனமில்லை. ஒருமுறை இதே படத்தைப் பற்றி விசாரியாமல் பேசி ஏமாந்தவன் என்பதால் உடனே எழுதவும் கை வரவில்லை. ஒரு மாதம் தா என்று சொல்லிவிட்டு விசாரிக்கத் தொடங்கினேன். அந்த விசாரணைதான் இக்கட்டுரை.

முதலில் கதை. அதை விரிவாகச் சொன்னவர் லிவி என்ற வரலாற்றாசிரியர் (கி.மு. 59 – கி.பி. 17). துரத்தப்பட்ட அரசனை மீண்டும் ரோமில் அமர்த்துவதற்காக, குளூசியம் நகரத்து எத்ரஸ்கன் மன்னன் போர்சென்னா படையெடுத்து வருகிறான். ஆற்றுக்கு அப்பாலுள்ள ஜனிக்குலம் குன்று திடீரென்று அவன் கைக்குப் போகிறது. ரோம வீரர்கள் ஆயுதங்களைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். நகரத்துக்குள் நுழைய எதிரிக்கு மிஞ்சியிருப்பது ஒரேயொரு மரப்பாலம். அங்கே காவலுக்கு நின்ற ஹொரேஷியஸ், ஓடுகிறவர்களைத் தடுத்து, "பாலத்தை வெட்டுங்கள், நெருப்பு வையுங்கள், என்னவாவது செய்யுங்கள், அதுவரை நான் பிடித்து நிற்கிறேன்" என்ற கருத்தில் பேசிவிட்டு முன்னே போகிறான். வெட்கப்பட்டு இருவர் அவனோடு சேருகிறார்கள்: ஸ்பூரியஸ் லார்சியஸ், டைட்டஸ் ஹெர்மினியஸ். பாலம் அறுந்து விழப்போகும் தறுவாயில் அந்த இருவரையும் பின்னுக்கு அனுப்பிவிடுகிறான். பாலம் விழுகிறது. அவன் தைபர் ஆற்றை அழைத்து வேண்டிவிட்டு, கவசத்தோடு குதித்து, அம்புகள் விழ விழ நீந்திக் கரையேறுகிறான். நகரம் அவனுக்குச் சிலை வைத்தது. ஒரு நாளில் ஏரால் சுற்றி உழக்கூடிய அளவு நிலம் கொடுத்தது. பஞ்ச காலமாயிருந்தும் சனங்கள் தங்கள் சாப்பாட்டில் பங்கு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நல்ல கதை. லிவிக்கே அதில் ஒரு சந்தேகம். பின்வருவோர் நம்புவதைவிடப் புகழ்வதுதான் அதிகமாயிருக்கும் என்ற பொருள்பட அவர் ஓரிடத்தில் குறிப்பிடுகிறார். இன்னோர் இடத்தில், கோல் இனத்தவர் ரோமைக் கொளுத்தியபோது (கி.மு. 390 அளவில்) பழைய பதிவுகளில் பெரும்பாலானவை அழிந்துபோயின என்றும் சொல்லுகிறார். அதாவது, சம்பவத்துக்கும் அதை எழுதியவருக்கும் இடையில் ஏறத்தாழ 480 ஆண்டுகள். நடுவில் ஒரு தீ. ஹதீஸ் கலை தெரிந்த வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அறிவிப்பாளர் வரிசையில் பெரிய வெடிப்பு.

ஆனால் லிவிக்கு முந்திய அறிவிப்பாளர் ஒருவர் இருக்கிறார். பொலிபியஸ் என்ற கிரேக்கர், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதியவர். அவரும் கோக்ளெஸ் கதையைச் சொல்லுகிறார். அவருடைய கதையில் கூட்டாளிகள் இல்லை. இன்னொரு வித்தியாசம் அதைவிடப் பெரிது: பாலம் விழுந்ததும் கோக்ளெஸ் கவசத்தோடு ஆற்றில் குதித்து இறந்துபோகிறான். நாட்டுக்காகத் தெரிந்தே உயிரைக் கொடுத்தவன் என்பதுதான் பொலிபியஸ் காட்ட வந்த உதாரணம். லிவியின் காலத்தவரான ஹலிகார்னசஸ் ஊர் டயனீசியஸ் என்பவரோ, அவன் பிழைத்தான், ஆனால் காயத்தால் நொண்டியானான் என்கிறார். காலத்தால் முந்தியவரிடம் வீரன் சாகிறான். பிந்தியவர்களிடம் உயிரோடு வருகிறான். அவர்களில் ஒருவரிடம் காலை இழுத்துக்கொண்டு.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சண்டையில் ரோம் தப்பியதா? லிவியின்படி தப்பியது, போர்சென்னா ரோமர்களின் துணிவைக் கண்டு வியந்து சமாதானமாகிப் போய்விட்டான். ஆனால் டசிட்டஸ் என்ற பிற்கால ரோம வரலாற்றாசிரியர், தலைநகர்க் கோயில் கி.பி. 69இல் எரிந்ததைப் பற்றி வருந்தி எழுதும்போது, நகரம் போர்சென்னாவிடம் சரணடைந்த காலத்தில்கூட அந்தக் கோயிலுக்கு இப்படி நேரவில்லை என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். மூத்த பிளினியோ இன்னும் ஒரு படி மேலே போகிறார்: விவசாயத்துக்கன்றி வேறெதற்கும் இரும்பைப் பாவிக்கக்கூடாது என்று போர்சென்னா ரோமர் மீது உடன்படிக்கை விதித்தான் என்கிறார். வாளையும் ஈட்டியையும் கீழே வை என்பதுதான் அதன் கருத்து. வென்றவர்கள் மீது யாரும் இப்படி விதிப்பதில்லை. வேறு விடயத்தைப் பேசும்போது வாய் தவறி வருகிற இப்படியான செய்திகளுக்கு வரலாற்றில் தனி மதிப்பு உண்டு. ரோமர் தங்களுக்கு எதிராகத் தாங்களே சொன்ன சாட்சி இது. போர்சென்னா ஒருகட்டத்தில் ரோமைப் பிடித்தே விட்டான் என்றுதான் இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அப்படியானால் எங்கள் கந்தோரில் தொங்கியது என்ன? தோற்ற நகரம் தன் தோல்வியை மறைக்கச் சொல்லிக்கொண்ட ஒரு வெற்றிக் கதையாக இருக்கலாம். மூத்த வாப்பா சொன்ன மாதிரி, முக்கியமான ஆக்கள் பிறேமுக்கு வெளியிலதான் நின்றிருக்கிறார்கள்.

கதை இப்படியிருக்க, அது எப்படிப் படமாகி, பிறேமுக்குள் ஏறி, கடல் கடந்து வந்தது? இங்கே அச்சுப்படங்களின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லவேண்டும். சுவரோவியமும் திரைச்சீலை ஓவியமும் ஒரே இடத்தில் இருப்பவை. ரோமில் கொன்சர்வத்தோரி மாளிகையின் பெரிய மண்டபத்தில், கவாலியெர் தார்பினோ என்று பெயர்பெற்ற ஜுசெப்பே சேசரி 1595இல் தொடங்கி நெடுங்காலம் இழுத்து இழுத்து வரைந்த ஆதிரோமின் போர்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க ரோமுக்குத்தான் போகவேண்டும். (ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தை உருவாக்கிய உடன்படிக்கை 1957 மார்ச் 25இல் கையெழுத்தானது இதே மண்டபத்தில்தான். சமாதானத்துக்காகக் கூடியவர்கள் இருந்த சுவர்களில் சண்டைப் படங்கள்!) ஆனால் அச்சுத்தாள் அப்படியல்ல. சுருட்டிக் குழாய்க்குள் போட்டால் எங்கேயும் போகும். ஐரோப்பாவில் நடுத்தர வசதியுள்ளவர்களின் சுவர்களுக்கு ரோமக் கதைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை தாள்கள்தான்.

அவற்றுள் சிறந்த ஒரு தொகுதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லாந்தில் ஹார்லெம் நகரத்திலிருந்த ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் 1586இல் வெளியிட்ட 'ரோம வீரர்கள்' என்ற பத்துத் தகடுகள். வீரர்களுக்கான தாள் ஒவ்வொன்றிலும் ஒரு வீரன் தாளை நிறைத்துக்கொண்டு மலைபோல நிற்பான். அவன் செய்த காரியம் பின்னணியில் எறும்பளவு உருவங்களாக நடந்துகொண்டிருக்கும். நம்முடைய ஹொரேஷியஸ் கோக்ளெசும் அதில் இருக்கிறான். ஒல்லாந்தர் அப்போது ஸ்பானிய மன்னனுக்கெதிராகக் கிளர்ந்து போரிட்டுக்கொண்டிருந்தார்கள். கொடுங்கோல் அரசனைத் துரத்திய பழைய ரோம் பற்றிய படங்களை அந்தக் காலத்தில் அந்த ஊரில் பார்த்தவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொகுதியை அவர் சமர்ப்பித்தது பேரரசர் இரண்டாம் ருடோல்ஃபுக்கு. அதாவது அந்த ஸ்பானிய மன்னனின் சொந்தக் குடும்பத்தவருக்கு. கலைஞனும் யாவாரம் பார்க்கத்தானே வேண்டும்.

கோல்ட்சியஸ் பற்றி இன்னொரு செய்தி என்னை நிறுத்திவைத்தது. அவர் குழந்தையாயிருந்தபோது நெருப்பில் விழுந்து வலது கை வெந்து, விரல்கள் கோணியபடியே ஆறிவிட்டன. அந்தக் கையாலேயே அவர் செதுக்கினார். 1588இல் அந்தக் கையைத் தானே வரைந்த படம் ஹார்லெமின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் செதுக்கிய ரோம வீரர்களில் ஒருவன் மூசியஸ் ஸ்கேவோலா. போர்சென்னாவைக் கொல்லப் பாசறைக்குள் புகுந்து, ஆளை மாற்றி அவனுடைய எழுத்தரைக் குத்திவிட்டு, பிடிபட்டதும் தன் வலது கையைத் தானே நெருப்பில் வைத்துக் கருகவிட்டவன். ஸ்கேவோலா என்றால் இடக்கையன் என்று பொருள். வெந்த கையுள்ள ஒருவர் கையை வேகவைத்த ஒருவனின் உருவத்தைச் செம்பில் உழும்போது என்ன நினைத்திருப்பார்? ஏட்டில் இல்லாததை நான் சொல்லப்போவதில்லை.

ஸ்கேவோலாவை இங்கே கொண்டுவந்ததற்கு இன்னொரு காரணம், அச்சுப்படம் செய்யும் முறை. பளபளப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டில், கூரிய உருக்கு உளியால் கோடு கோடாக உழுவார்கள். தகடு முழுவதும் மையைப் பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் மை கோடுகளின் பள்ளத்தில் மட்டும் தங்கும். ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தமாக ஓட்டினால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். தகட்டின் விளிம்பு தாளில் பதிந்து, படத்தைச் சுற்றி ஒரு பள்ளக் கோடு விழும். இதில் ஒரு சங்கடம்: அச்சில் படம் இடம் வலமாக மாறிவிடும். ஓர் ஓவியத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் செதுக்கினால் அச்சில் எல்லாரும் இடக்கையர். கண்ணாடியில் பார்த்துத் திருப்பிச் செதுக்குவது தெரிந்தவர்களின் வேலை. அந்தச் சிரமத்துக்குப் போகாதவர்களும் இருந்தார்கள். அதனால் பழைய அச்சுப்படங்களில் இடக்கையில் வாள் பிடித்த வீரர்களைக் காணலாம். வேறு வீரனென்றால் பரவாயில்லை. ஸ்கேவோலா விடயத்தில் கதையே கெட்டுவிடும். பழைய போர்ப்படம் கையில் கிடைத்தால் முதலில் வாளும் கேடயமும் எந்தெந்தக் கையில் என்று பாருங்கள்.

அதன் பிறகு பார்க்கவேண்டியது படத்தின் அடி. என்னைக் கேட்டால், படத்தைவிட அந்த அடிவரி பெறுமதியானது. வழக்கமாக இடது மூலையில் ஒரு பெயரும் 'பின்க்சிட்' என்ற லத்தீன் சொல்லும் இருக்கும்: இவர் வர்ணத்தில் தீட்டினார். 'டெலினியாவிட்' என்றிருந்தால், இவர் கோட்டுருவம் எடுத்தார். வலது மூலையில் 'ஸ்கல்ப்சிட்': இவர் செதுக்கினார். 'எக்ஸ்குடிட்' என்றால், இவர் வெளியிட்டார். சுருக்கி 'பின்க்ஸ்.', 'ஸ்க்.', 'எக்ஸ்க்.' என்றும் போடுவார்கள். ஒவ்வொரு தாளும் தன் இஸ்னாதைத் தன் காலடியிலேயே சுமந்து வருகிறது. யாரிடமிருந்து யார் எடுத்தார், யார் ஊருக்குக் கொடுத்தார் என்று வரிசை முழுவதும் அங்கே இருக்கும். எங்கள் படத்தில் வெட்டியெறியப்பட்டது அந்த வரிதான். பிறேமின் அளவுக்குத் தாளைக் கத்தரித்தவன் அது வெறும் ஓரம் என்று நினைத்திருப்பான்.

ஓவியர்கள் கதையைத் தாங்களும் வளர்த்தார்கள் என்பதற்கு மிகப் பெயர்பெற்ற உதாரணம் வேறொரு ஹொரேஷியஸ் குடும்பம். இது பாலத்துக்கும் முந்திய கதை. ரோமுக்கும் அல்பா லோங்கா நகரத்துக்கும் சண்டை. இரு பக்கமும் படைகளை மோதவிடாமல் மூன்று மூன்று சகோதரர்களைப் பொருதவிட்டுத் தீர்க்க முடிவாகிறது. ஒரு பக்கம் ஹொராத்தியர் மூவர், மறுபக்கம் குரியாத்தியர் மூவர். ரோமர் இருவர் விழுந்துவிட, மிஞ்சியவன் ஓடுவதுபோல ஓடி, காயத்தின் அளவுக்கேற்ப எதிரிகள் முன்னும் பின்னுமாகப் பிரிந்ததும் திரும்பி ஒவ்வொருவராகக் கொல்கிறான். வெற்றியோடு வீட்டுக்கு வருகிறவனைப் பார்த்து அவன் தங்கை அழுகிறாள். செத்தவர்களில் ஒருவன் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன். எதிரிக்காக அழுகிறாயா என்று அவளையும் குத்திக் கொன்றுவிடுகிறான்.

இந்த மூவரில் எந்தக் குடும்பம் ரோமருடையது என்பதிலேயே அறிவிப்புகள் வேறுபடுகின்றன என்றும், ஹொராத்தியர்தான் ரோமர் என்பவர்கள் அதிகமாயிருப்பதால் அந்தப் பக்கம் சாய்கிறேன் என்றும் லிவி நேர்மையாக எழுதிவைத்தார். வாசித்தபோது எனக்கு அவர் மீது மரியாதை கூடியது. இந்தத் தயக்கம் எந்தப் படத்திலும் கிடையாது. படத்துக்குத் தயங்கத் தெரியாது. 1785இல் பாரிசில் காட்சிக்கு வந்த ஜாக் லூயி டாவிட்டின் 'ஹொராத்தியரின் சபதம்' என்ற ஓவியத்தில், தகப்பன் மூன்று வாள்களை உயர்த்திப் பிடிக்க மூன்று மகன்மாரும் கை நீட்டிச் சபதம் எடுக்கிறார்கள். அந்தச் சபதக் காட்சி லிவியில் இல்லவே இல்லை, ஓவியரின் கற்பனை. ஆனால் இன்று ஹொராத்தியர் என்றால் உலகத்துக்கு ஞாபகம் வருவது அந்த மூன்று கைகள்தான். மூலையில் மூன்று பெண்பிள்ளைகள் சரிந்து கிடக்கிறார்கள். செத்துப்போகப்போகிற தங்கை அவர்களில் ஒருத்தி. சட்டமிட்டு விற்ற பிரதிகளைச் சுவரில் கண்டவர்களில் எத்தனை பேர் அந்த மூலையைக் கவனித்திருப்பார்களோ.

ஆயுதங்களைப் பற்றியும் ஒரு சொல். கி.மு. 508இல் நடந்ததாகச் சொல்லப்படும் சண்டைக்கு, ஐந்நூறு அறுநூறு வருடம் பிந்திய பேரரசுக் காலத்துக் கவசத்தைப் போட்டுவிடுவது ஐரோப்பிய ஓவியர்களின் வழக்கம். ரோமில் அவர்கள் கண்ணுக்கெட்டிய வெற்றித் தூண்களிலும் வளைவுகளிலும் இருந்த மாதிரிகள் அவைதான். எங்கள் படத்திலும் கொடியில் 'எஸ்.பி.கியூ.ஆர்.' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. செனட்டும் ரோம மக்களும் என்பதன் சுருக்கம். பார்க்கிறவர் சந்தேகப்படாமலிருக்க ஓவியர் ஒட்டிவிட்ட பெயர்ச்சீட்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

மலைநாட்டுத் துரையின் பங்களாவுக்குக் கோக்ளெஸ் ஏன் வந்தான் என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை மெக்காலே. 1842இல் அவர் வெளியிட்ட 'பண்டைய ரோமின் கதைப்பாடல்கள்' நூலில் முதல் பாட்டே பாலத்தில் நின்ற ஹொரேஷியஸ் பற்றியது. ஆங்கிலேயப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதை மனப்பாடம் செய்தார்கள். 1847இல் படங்களோடும் பதிப்பு வந்தது. தேயிலைத் தோட்டம் நடத்த வந்த வாலிபர்கள் தனியாக நின்று கூட்டத்தைத் தடுக்கிற அந்த ஒருவனில் தங்களைக் கண்டிருப்பார்கள் என்பது என் ஊகம். அந்தப் பாடல்களைப் பற்றிய யோசனை மெக்காலேக்குத் தோன்றியது நீலகிரி அடிவாரக் காட்டில். பெரும்பகுதியை இயற்றியது ஊட்டியில் மழைக்குள் அடைபட்டுக் கிடந்தபோதும் வங்காள விரிகுடாக் கப்பற்பயணத்திலும் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆக, ரோமின் வீரன் ஆங்கிலத்தில் மறுபிறவி எடுத்தது தமிழ் மலையொன்றில். அரபு, சமஸ்கிருத நூல்களையெல்லாம் ஒரு ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அடுக்குக்கு ஈடாகாது என்று 1835இல் எழுதித் தள்ளியவரும் இதே மெக்காலேதான். அவர் பாடிய கதைக்கு எத்தனை அடுக்கில் ஆதாரம் இருக்கிறது என்பதை மேலே பார்த்தோம்.

இனி எங்கள் படம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மருமகனை வைத்துக்கொண்டே பிறேமைக் கழற்றினேன். பின்பலகையின் ஆணிகள் துருப்பிடித்திருந்தன. பலகைக்கும் தாளுக்கும் நடுவில் மெத்தையாக வைத்திருந்தது ஓர் ஆங்கிலப் பத்திரிகைத் தாள். அதில் 1926 என்ற ஆண்டு. இந்தப் பிறேம் அதற்கு முன் பூட்டப்பட்டதல்ல என்பதற்கு அதுவே சான்று. பலகையின் புளிப்பு ஏறி, தாளின் முதுகில் மரநரம்புகள் அப்படியே கபில நிறத்தில் பதிந்திருந்தன. முகத்தில் ஈரக்காற்றுத் தந்த செம்புள்ளிகள். ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. இதெல்லாம் பழமையின் அடையாளம் என்று யாவாரி சொல்லியிருக்கிறார். நமது சுவாத்தியத்தில் சரியாகப் பிறேம் போடாத எந்தத் தாளும் முப்பது நாற்பது வருடத்தில் இப்படி ஆகும்.

தகட்டு விளிம்பின் பள்ளத்தை விரல்நுனியால் தேடினேன். இல்லை. ஓரங்கள் வெட்டப்பட்டதால் அது போயிருக்கலாம், ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிறகு பூதக்கண்ணாடியைக் கோக்ளெசின் கேடயத்துக்கு மேல் பிடித்தேன். செப்பில் செதுக்கிய கோடு என்றால் ஒரு முனையில் மெலிந்து தொடங்கி, நடுவில் தடித்து, மறுமுனையில் மீண்டும் மெலியும். மை தாளின் மேல் லேசாகப் புடைத்து நிற்கும். நான் கண்டது கோடே அல்ல. வரிசை வரிசையாக, சதுரம் பிசகாத புள்ளிகள். பழைய செய்திப் பத்திரிகைப் படங்களில் காண்போமே, அதே புள்ளிகள். ஹாஃப்டோன் என்பார்கள். படத்தை வலைக்கண்ணாடி வழியாகப் புகைப்படமெடுத்து, நிழலையும் வெளிச்சத்தையும் புள்ளிகளாக உடைத்து அச்சடிக்கிற முறை. 1880களுக்குப் பிறகுதான் பரவியது. யாரோ ஓர் ஓவியர் தீட்டியதை யாரோ ஒருவர் செதுக்க, அந்தச் செதுக்குப் படத்தை இன்னொருவர் புகைப்படம் எடுத்து அச்சிட்டு விற்றிருக்கிறார். பிரதியின் பிரதி. ஒல்லாந்தர் இந்த நாட்டைவிட்டுப் போனது 1796இல்.

கண்ணாடியை மருமகனிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தான். "புள்ளிதான் மாமா" என்றான். குரல் இறங்கியிருந்தது. அவன் கட்டுகிற வீட்டின் கூரை என் கண்ணுக்குள் வந்துபோனது உண்மை.

கடிதம் எழுதிக் கொடுத்தேன். என்ன படம், என்ன முறையில் அச்சிட்டது, எந்தக் காலத்துக்கு முந்தியதல்ல, அடிவரி வெட்டப்பட்டதால் ஓவியர் பெயரும் செதுக்கியவர் பெயரும் இல்லை என்று உள்ளதை உள்ளபடி. யாவாரி வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாராம். பிறேம் மட்டும் வேண்டும், தேக்கு நல்லாயிருக்கு என்றாராம். கேட்ட விலை சீமெந்துப் பக்கற்றுகள் சிலவற்றுக்குக் காணும். மருமகன் இரண்டு நாள் யோசித்தான். கடைசியில் கொடுக்கவில்லை.

புளிப்பில்லாத மட்டை வாங்கி, தாள் கண்ணாடியில் ஒட்டாதபடி சுற்றிவர இடைவெளி விட்டு, படத்தைத் திரும்பவும் அதே பிறேமுக்குள் வைத்திருக்கிறோம். கடிதத்தை ஓர் உறையிலிட்டுப் பின்பலகையில் ஒட்டியாயிற்று. போன கிழமை கடைக்குப் போனபோது மருமகனின் சின்ன மகள் கதிரையில் ஏறி நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலம் உடைஞ்ச பிறகு இவருக்கு என்ன நடந்த?" என்று என்னைக் கேட்டாள்.

"நீந்திக் கரைக்கு வந்துட்டார் எண்டு லிவி எண்டவர் எழுதியிருக்கார். அவருக்கு முந்தி எழுதின பொலிபியஸ், ஆத்துல மௌத்தாகிட்டார் எண்டு சொல்றார்."

அவள் கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கூட நின்ற மற்ற ரெண்டு பேரும் எங்கே என்று கேட்டாள். எங்கள் படத்தில் அவர்கள் இல்லை. நான் அதை அதுவரை கவனித்திருக்கவில்லை. இந்த ஓவியர் பொலிபியஸை வாசித்தவரோ என்னவோ.